அட்வான்ஸ் பத்தி: குரோம்பேட்டையில் ஒரு வாடகை ஒப்பந்தக் கடை

குரோம்பேட்டை ரயில் நிலையத்திலிருந்து ஐந்து நிமிட நடையில், முத்திரைத்தாள் விற்பனையும் கணினித் தட்டச்சும் ஒன்றாக நடக்கும் ஓர் ஒற்றை அறைக் கடையில், சென்ற மாதம் எங்கள் புதிய வீட்டுக்கான வாடகை ஒப்பந்தத்தை எழுதிக்கொண்டோம். கடையை நடத்தும் பெரியவர் தம் பெயரோ கடையின் பெயரோ வெளியே வர வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் இரண்டையும் தவிர்க்கிறேன்; தம்முடைய வேலைமுறையைப் பற்றி எழுதுவதற்கு அவர் தடை சொல்லவில்லை. பெயர் இல்லாத கடைக்கு மதிப்புரை எதற்கு என்று கேட்கலாம். ஒப்பந்தம் எழுதும் கடை ஏறக்குறைய எல்லா ஊரிலும் இருக்கிறது. அங்கே போய் உட்காரும்போது எதைப் பார்க்க வேண்டும், எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்பதற்கு இந்த ஒரு கடை எனக்கு அளவுகோலாகிவிட்டது. அந்த அளவுகோலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் பார்த்தது ஒரே ஒரு பத்தியை. ஒப்பந்தத்தில் பெயர், முகவரி, வாடகைத் தொகை, தேதி எல்லாம் எந்தக் கடையிலும் சரியாகத்தான் வரும். அட்வான்ஸ் என்று நாம் சொல்லும் முன்பணத்தைப் பற்றிய பத்தியில்தான் எழுதுகிறவரின் கவனமும் அறிவும் தெரிகின்றன. கையெழுத்துப் போடும் நாளில் இருதரப்பும் சிரித்த முகத்தோடு இருப்பதால் அந்தப் பத்தியை யாரும் படிப்பதில்லை. காலி செய்யும் நாளில் அதைத் தவிர வேறு எதையும் யாரும் படிப்பதில்லை.

எனக்கு இந்தப் பாடம் முந்தைய வீட்டில் கிடைத்தது. அங்கே வாடகை 14,000 ரூபாய், அட்வான்ஸ் ஒரு லட்சம். ஒப்பந்தத்தை வேறோர் இடத்தில், தயாராக இருந்த படிவத்தில் பெயர்களை மட்டும் மாற்றி, பத்து நிமிடத்தில் அடித்துக் கொடுத்தார்கள். சாமான் ஏற்றிய வண்டி தெருவில் நின்றுகொண்டிருந்தது. நான் கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன். மூன்றாண்டுகளுக்குப் பிறகு காலி செய்தபோதுதான் அதிலிருந்த வரிகளை முழுதாகப் படித்தேன். காலி செய்யும்போது பெயிண்டிங் செலவுக்காக ஒரு மாத வாடகை பிடித்தம் செய்யப்படும் என்று ஒரு வரி இருந்தது. சேதாரத்தைப் பொறுத்தவரை உரிமையாளரின் முடிவே இறுதியானது என்று இன்னொரு வரி. எப்போது திருப்பித் தரப்படும் என்பதற்கு வரியே இல்லை. புதிதாகக் குடிவருபவர் அட்வான்ஸ் கொடுத்ததும் தருகிறேன் என்று வீட்டுக்காரர் சொன்னார். அந்த வீட்டுக்கு ஆள் வர நான்கு மாதம் ஆயிற்று. பெயிண்டிங்குக்கு 14,000, குளியலறைக் கதவுக்கு 6,500, குழாய் வேலை என்று 8,000 கழித்து, கடைசியில் என் கைக்கு வந்தது 71,500 ரூபாய். குழாய் வேலைக்கான பில்லை இருமுறை கேட்டேன், வரவில்லை. அந்த நான்கு மாதமும் புதிய வீட்டின் அட்வான்ஸுக்காக அலுவலகச் சங்கத்தில் வாங்கிய கடனுக்கு வட்டி கட்டினேன்.

ஆகவே இம்முறை, வண்டி பேசுவதற்குப் பத்து நாள் முன்பே, புதிய வீட்டின் உரிமையாளரான அம்மாவையும் அழைத்துக்கொண்டு, நண்பர் ஒருவர் சொன்ன இந்தக் கடைக்குப் போனேன்.

பெரியவருக்கு அறுபது வயதுக்கு மேலிருக்கும். இளமையில் ஒரு வழக்கறிஞரிடம் தட்டச்சராக வேலை பார்த்தவர். இப்போது கணினியில் அடிப்பது அவருடைய மகள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்கிறார். முதலில் அவர் எங்களிடம் கேட்டது பெயரையோ ஆதார் அட்டையையோ அல்ல. “வாடகை எவ்வளவு, அட்வான்ஸ் எவ்வளவு, அட்வான்ஸை எப்படிக் கொடுக்கிறீங்க, எப்போ திருப்பிக் கொடுக்கிறீங்க?” என்று கேட்டார். வாடகை 18,000, அட்வான்ஸ் 1,20,000 என்றோம். திருப்பித் தருவது பற்றி நாங்கள் இருவரும் அதுவரை பேசவே இல்லை என்பது அப்போதுதான் எங்களுக்கே தெரிந்தது. அவர் பேனாவை மேசைமேல் வைத்துவிட்டு, “அப்போ இதை முதல்ல பேசி முடிச்சிடுவோம், மத்ததெல்லாம் அப்புறம்” என்றார்.

பிறகு அவர் சட்டத்தை எடுத்து எங்கள் முன் வைத்தார். தமிழ்நாடு நில உரிமையாளர்கள் மற்றும் வாடகைதாரர்களின் உரிமைகள் மற்றும் பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம் 2017இல் இயற்றப்பட்டு, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் ஏறக்குறைய அறுபதாண்டுகள் நடப்பில் இருந்தது 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். அந்தப் பழைய சட்டத்தின்படி உரிமையாளர் ஒரு மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. இதைக் கேட்டதும் நானும் அந்த அம்மாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கொடுப்பது சென்னையின் வழக்கம் என்றுதான் எங்கள் தலைமுறை முழுவதும் கேட்டு வளர்ந்திருக்கிறது. சட்டம் ஒரு மாதம் என்று சொல்லிக்கொண்டிருந்த அதே காலத்தில், அதே ஊரில், சந்தை பத்து மாதம் வாங்கிக்கொண்டிருந்தது. அந்தச் சட்டத்தின்கீழ் நடந்த வாடகை பாக்கி வழக்குகளில், உரிமையாளரின் கையில் கூடுதலாக இருந்த முன்பணத்தை பாக்கியில் ஈடுசெய்து பார்க்க வேண்டும் என்று நீதிமன்றங்கள் கருதிய தீர்ப்புகள் உண்டு. ஆனால் அது வழக்காடத் துணிந்தவர்களுக்குக் கிடைத்த ஆறுதல். அட்வான்ஸ் கொடுத்த பெரும்பாலோருக்கு இப்படியொரு வரம்பு இருந்ததே தெரியாது.

இன்றைய சட்டத்தில் முன்பணத்தைப் பற்றிப் பேசுவது 11ஆம் பிரிவு. மிகச் சிறிய பிரிவு, இரண்டே உட்பிரிவுகள். மாத வாடகையின் மூன்று மடங்குக்கு மேல் வைப்புத்தொகை கேட்பது சட்டத்துக்குப் புறம்பானது என்கிறது முதலாவது. வீட்டைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள், வாடகைதாரர் தர வேண்டிய பாக்கி ஏதுமிருந்தால் அதைக் கழித்துக்கொண்டு, தொகையைத் திருப்பித் தர வேண்டும் என்கிறது இரண்டாவது. செய்தித்தாள்களில் இதை இப்படிச் சுருக்கமாகப் படித்திருந்ததால், மூன்று மாதத்துக்கு மேல் ஒரு ரூபாய்கூட வாங்க முடியாது என்றுதான் நான் நம்பிக்கொண்டிருந்தேன். கடையில் அதைச் சற்று உரக்கவே சொன்னேன்.

பெரியவர் நெகிழி அளவுகோல் ஒன்றை எடுத்து அந்தப் பிரிவின் முதல் வரிக்குக் கீழே வைத்தார். “சார், இந்த வரியோட தலையில இருக்கறதை மட்டும் ரெண்டு தடவை படிங்க” என்றார். மாறாக ஒப்பந்தம் இருந்தாலன்றி என்ற பொருள்தரும் சொற்களோடுதான் அந்த வரி தொடங்குகிறது. அதாவது, இருதரப்பும் எழுத்தில் வேறுவிதமாக ஒப்புக்கொண்டால் மூன்று மடங்கு என்ற வரம்பு விலகி நிற்கிறது. சட்டம் கொடுத்த பாதுகாப்பை நாமே கையெழுத்திட்டு விட்டுக்கொடுக்க முடியும்; பெரும்பாலும் நமக்குத் தெரியாமலேயே விட்டுக்கொடுக்கிறோம். பிறகு அளவுகோலை இரண்டாம் உட்பிரிவுக்கு இறக்கினார். அங்கே அந்தச் சொற்கள் இல்லை. ஒரு மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டும் என்பதற்கு அப்படியொரு விலக்கு அந்த வரியில் எழுதப்படவில்லை. எவ்வளவு வாங்கலாம் என்பதில் சட்டம் நெகிழ்ந்து கொடுக்கிறது, எப்போது திருப்பித் தர வேண்டும் என்பதில் நெகிழவில்லை என்பது அவருடைய வாசிப்பு. இந்த ஒரு விளக்கத்துக்காகவே அவருக்கு நான் கொடுத்த கட்டணம் தகும். முந்தைய வீட்டில் நான்கு மாதம் காத்திருந்தபோது இந்த ஒரு வரி தெரிந்திருந்தால், புதுக் குடித்தனம் வரட்டும் என்ற பதிலுக்கு நான் தலையாட்டியிருக்க மாட்டேன்.

ஒன்றிய அமைச்சரவை 2021 ஜூன் 2ஆம் நாள் ஒப்புதல் அளித்த மாதிரி வாடகைச் சட்டம் இதைவிட இறுக்கமானது. குடியிருப்புக்கு இரண்டு மாத வாடகை, குடியிருப்பல்லாத கட்டடத்துக்கு ஆறு மாத வாடகை என்று அது உச்சவரம்பு வைக்கிறது. காலி வீட்டை உரிமையாளர் திரும்பப் பெறும் நாளிலேயே பணத்தைக் கொடுத்துவிட வேண்டும் என்கிறது. ஆனால் அது மாநிலங்கள் ஏற்றுக்கொண்டால் மட்டுமே நடப்புக்கு வரும் ஒரு மாதிரி. குரோம்பேட்டையில் உட்கார்ந்து ஒப்பந்தம் எழுதுகிறவர்களுக்கு 2017ஆம் ஆண்டுச் சட்டம்தான் பொருந்தும். இரண்டு மாதம்தான் சட்டம் என்று சொல்லி வீட்டுக்காரரிடம் வாதாடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். தவறான சட்டத்தைக் காட்டி வாதாடினால் சரியான சட்டத்தைக் காட்டும்போதும் நம் பேச்சுக்கு மதிப்பிருக்காது.

எங்கள் பேரம் அங்கேயே, அந்த மேசையிலேயே நடந்தது. பெரியவர் யார் பக்கமும் பேசவில்லை. அந்த அம்மாவிடம் ஏன் இவ்வளவு பெரிய தொகை வேண்டும் என்று கேட்டார். முன்பு குடியிருந்தவர் காலி செய்வதாகச் சொல்லிவிட்டு, அட்வான்ஸில் கழித்துக்கொள்ளுங்கள் என்று ஐந்து மாத வாடகையைத் தரவில்லை. கரண்ட் பில்லையும் கட்டவில்லை. போன பிறகு பார்த்தால் சமையலறை மேடைக் கல் உடைந்திருந்தது. கையில் இருந்த அட்வான்ஸ் எதற்கும் போதவில்லை என்று அவர் சொன்னார். கணவரை இழந்தவர், அந்த வாடகையைக் கொண்டுதான் வீட்டுச் செலவை நடத்துகிறார். என்னுடைய கசப்பை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு போன எனக்கு, மறுபக்கத்தின் அச்சமும் உண்மையானது என்பதை அங்கே ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. பெரிய அட்வான்ஸ் எல்லாம் பேராசை அல்ல. குடித்தனக்காரரைக் காலி செய்யவைக்க நீதிமன்றப் படியேற அஞ்சுகிறவர்கள் அந்த அச்சத்தை ரூபாயாக மாற்றிக் கேட்கிறார்கள்.

மூன்று மடங்கு என்றால் 54,000. பேசிப் பேசி 80,000 ரூபாய்க்கு இருவரும் இறங்கி வந்தோம். சட்டம் சொல்லும் அளவுக்கு நான் கொண்டுவர முடியவில்லை என்பது எனக்குக் குறைதான். ஆனால் அதற்குப் பிறகு பெரியவர் எழுதிய பத்தி அந்தக் குறையைப் பெருமளவு ஈடுசெய்தது. அதை அப்படியே தருகிறேன், வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்று அவரே சொன்னார்:

“வாடகைதாரர் வைப்புத்தொகையாக ரூ.80,000 (எண்பதாயிரம்) மட்டும் உரிமையாளரின் வங்கிக் கணக்கில் செலுத்தியுள்ளார். இத்தொகை மாத வாடகையின் மூன்று மடங்கான ரூ.54,000க்கு மேற்பட்டது என்பதை இருதரப்பினரும் அறிந்து ஒப்புக்கொள்கின்றனர். வாடகைதாரர் வீட்டைக் காலி செய்து சாவியை ஒப்படைக்கும் நாளிலேயே, மேற்படி மூன்று மடங்குக்கு மேற்பட்ட ரூ.26,000ஐ உரிமையாளர் திருப்பித் தர வேண்டும். எஞ்சிய ரூ.54,000ஐ, வாடகை பாக்கி, மின்கட்டணம், வாடகைதாரரால் ஏற்பட்ட சேதம் ஆகியவை இருப்பின் அவற்றை மட்டும் உரிய ரசீதுகளின்படி கழித்துக்கொண்டு, சாவி ஒப்படைத்த நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டும். இத்தொகையைத் திருப்பித் தருவது புதிய வாடகைதாரர் குடிவருவதைச் சார்ந்ததன்று. வீடு விற்கப்பட்டாலோ உரிமை மாறினாலோ, இத்தொகையைத் திருப்பித் தரும் பொறுப்பு வீட்டைப் பெறுபவரையும் சேரும்.”

மூன்று மடங்குக்கு மேற்பட்டது என்று வெளிப்படையாக எழுத வேண்டுமா என்று எனக்குத் தயக்கமாக இருந்தது. எழுதாவிட்டாலும் தொகையைப் பார்த்தால் தெரியத்தான் போகிறது, எழுதினால்தான் அந்தக் கூடுதல் பணத்துக்கு ஒரு தனி விதி வைக்க முடியும் என்று அவர் விளக்கினார். கூடுதலாக வாங்கும் பகுதியைச் சாவி ஒப்படைக்கும் நாளிலேயே திருப்பித் தரச் செய்வது என்ற யோசனை அவருடையது. மற்ற இடங்களில் நான் பார்த்த எந்த ஒப்பந்தத்திலும் இது இல்லை. புதிய குடித்தனத்தைச் சார்ந்ததன்று என்ற வாக்கியம் வந்தபோது, நான் சொல்லாமலேயே அதை அவர் சேர்த்தபோது, என் நான்கு மாதக் காத்திருப்பை அவர் எங்கோ பார்த்துக்கொண்டிருந்தது போல இருந்தது. அந்த வரி இல்லாததால் வருத்தப்பட்டுத் திரும்பி வந்தவர்கள் பலர் என்று மட்டும் சொன்னார்.

அந்த அம்மாவின் பக்கத்துக்கும் ஒரு வரி எழுதப்பட்டது. வாடகைதாரர் தாமாகவே வைப்புத்தொகையிலிருந்து வாடகையைக் கழித்துக்கொள்ளக் கூடாது. காலி செய்வதற்கு இரண்டு மாதம் முன்பு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். எனக்கு அது நியாயமாகப் பட்டது. முன்பணம் என்பது கடைசி மாதங்களின் வாடகை அல்ல என்பதை வாடகைக்கு இருப்பவர்களும் ஏற்க வேண்டும். அவர்கள் அப்படி நடந்துகொள்ளும்போது அடுத்து வருபவருக்கு அட்வான்ஸ் ஏறுகிறது.

பிறகு பெயிண்டிங். சென்னையில் அட்வான்ஸ் கரைவது பெரும்பாலும் இந்த ஒரு சொல்லில்தான். சட்டத்தின் இரண்டாம் அட்டவணை, பழுதுபார்ப்பு வேலைகளை உரிமையாளருக்கு உரியவை, வாடகைதாரருக்கு உரியவை என்று பிரித்துக் கொடுக்கிறது. கட்டமைப்புப் பழுதுகள், சுவர்களுக்கு வெள்ளையடித்தல், கதவு ஜன்னல்களுக்கு வண்ணம் பூசுதல், தேவைப்படும்போது குழாய்களை மாற்றுதல், மின்கம்பி வேலைகள் ஆகியவை உரிமையாளருடைய பட்டியலில் இருக்கின்றன. குழாயின் வாஷர், சாக்கடைச் சுத்தம், கழிப்பறைப் பீங்கான், வாஷ்பேசின், கீசர், சுவிட்ச், சாக்கெட், கைப்பிடி, பூட்டு, கொசுவலை, உடைந்த கண்ணாடி போன்றவை வாடகைதாரருடைய பட்டியலில். வழக்கமான பயன்பாட்டால் வரும் தேய்மானத்தைச் சேதமாகக் கொள்ளக் கூடாது என்பதும் சட்டத்தில் உண்டு. வாடகைதாரர் தம் பங்குப் பழுதைச் செய்யாமல் விட்டால் உரிமையாளர் செய்து, செலவை வைப்புத்தொகையில் கழித்துக்கொள்ளலாம். இந்த அட்டவணையின் தமிழ் நகலை அவர் ஒப்பந்தத்தின் பின்னிணைப்பாகவே சேர்த்துத் தைத்துக் கொடுக்கிறார், இருதரப்பும் அதிலும் கையெழுத்திடுகிறார்கள். முந்தைய வீட்டில் என்னிடம் பிடிக்கப்பட்ட 14,000 ரூபாய் எந்தப் பட்டியலில் வந்திருக்க வேண்டும் என்பதை அங்கே உட்கார்ந்து படித்தபோது எனக்கு வயிறு எரிந்தது. ஒரு மாத வாடகையைப் பெயிண்டிங்குக்குக் கழிப்பது என்று அச்சடித்துவைத்த படிவத்தை நீட்டுகிற கடைகள் இதைத் தெரியாமல் செய்கின்றனவா, தெரிந்தே செய்கின்றனவா என்பது முக்கியமல்ல. பணம் போவது கையெழுத்துப் போட்டவருக்கு.

எங்கள் ஒப்பந்தத்தில், ஐந்தாண்டுகளுக்குக் குறைவான குடியிருப்பானால், ஆணியடித்த துளைகளையும் கிறுக்கல்களையும் சரிசெய்யும் உண்மையான செலவை மட்டும் நான் ஏற்பதாக எழுதிக்கொண்டோம். வீட்டில் சின்னப் பையன் இருக்கிறான், கிறுக்காமல் இருக்க மாட்டான். அந்தச் செலவைத் தர எனக்கு வருத்தமில்லை.

இன்னும் ஒன்றை அவர் வற்புறுத்திச் செய்யவைத்தார். சாவி வாங்கும் நாளில் வெற்று வீட்டை அறை அறையாகப் புகைப்படம் எடுத்து, மின்மீட்டர் அளவையும் படமெடுத்து, அதே நாளில் உரிமையாளருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட வேண்டும் என்றார். முப்பத்தெட்டுப் படங்கள் எடுத்தேன். படுக்கையறைச் சுவரில் ஏற்கெனவே இருந்த ஈரக்கறை, பால்கனிக் கதவின் அடிப்பகுதியில் உப்பியிருந்த பலகை, சமையலறைத் தொட்டிக்குக் கீழே விரல் நீளத்துக்கு ஒரு விரிசல் எல்லாம் அவற்றில் இருக்கின்றன. அந்த அம்மா ஒவ்வொன்றையும் பார்த்துச் சரி என்று பதில் அனுப்பினார். மூன்றாண்டு கழித்து அந்த விரிசல் யாருடையது என்ற பேச்சு எழாது.

நாங்கள் இருந்தபோது இன்னொருவர் வந்து லீஸ் ஒப்பந்தம் வேண்டும் என்றார். மாத வாடகை இல்லாமல், சில லட்சங்களை மொத்தமாகக் கொடுத்துவிட்டு, காலி செய்யும்போது முழுத் தொகையைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் முறையை நம் ஊரில் லீஸ் என்றும் போக்கியம் என்றும் சொல்கிறோம். பெரியவர் உடனே எழுதித் தர மறுத்தார். வீட்டின் பேரில் வங்கிக் கடன் இருக்கிறதா, வில்லங்கச் சான்றிதழ் பார்த்தாயிற்றா என்று கேட்டு, பார்த்துவிட்டு வரச் சொல்லி அனுப்பிவிட்டார். வாடகையே இல்லாத இடத்தில் வாடகையின் மூன்று மடங்கு என்ற கணக்குக்குப் பொருளில்லை. கொடுத்த லட்சங்களுக்கு அந்த வீட்டையும் வீட்டுக்காரரின் நாணயத்தையும் தவிர வேறு பிடிமானமில்லை. வந்த வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்பியதில் கடைக்கு அன்று வருமானம் போனது. அவரை நான் முழுதாக நம்பத் தொடங்கியது அப்போதுதான்.

பதிவு பற்றி ஒரு வார்த்தை. பதினொரு மாத ஒப்பந்தம் போட்டால் பதிவே வேண்டாம் என்பது நம்மிடையே ஊறிப்போன நம்பிக்கை. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளரிடம் பதிவு செய்ய வேண்டும் என்று 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் சொல்வதால் பிறந்த வழக்கம் அது. ஆனால் 2017ஆம் ஆண்டுச் சட்டம் கேட்பது வேறொரு பதிவு. வாடகை ஒப்பந்தம் எதுவானாலும் எழுத்தில் இருக்க வேண்டும், அதை வாடகை ஆணையத்திடம் பதிவு செய்து ஒரு பதிவு எண் பெற வேண்டும் என்கிறது அது. பதினொரு மாதம் என்பதால் அதற்கு விலக்கு இல்லை. துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அலுவலர்தான் வாடகை ஆணையராக அமர்த்தப்படுகிறார். அதற்கு மேல் வாடகை நீதிமன்றமும் வாடகைத் தீர்ப்பாயமும் இருக்கின்றன. பதிவு செய்யாத ஒப்பந்தத்தை உரிமைக்குச் சான்றாக முன்வைக்க முடியாது என்று பின்னர் சேர்க்கப்பட்ட 4ஏ பிரிவு சொல்கிறது. எவ்வளவு நல்ல அட்வான்ஸ் பத்தியை எழுதினாலும், அதைப் பதிவு செய்யாமல் பீரோவில் பூட்டி வைத்தால் தேவைப்படும் நாளில் அது துணைக்கு வருமா என்பது ஐயமே.

இந்த இடத்தில்தான் கடையின் பெரிய குறை இருக்கிறது. பதிவு ஏன் வேண்டும் என்று அவ்வளவு தெளிவாகச் சொல்லும் பெரியவர், அதைத் தாமே செய்து தருவதில்லை. இணையப் பதிவுக்கு நாமே உட்கார வேண்டும், அல்லது வேறு சேவை மையத்துக்குப் போக வேண்டும். எனக்குக் கணினி பழக்கம் இருப்பதால் நான் செய்துகொண்டேன்; அந்த அம்மா தனியாக வந்திருந்தால் ஒப்பந்தத்தோடு வீட்டுக்குப் போயிருப்பார், பதிவு நடந்திருக்காது. மகளுக்கு அந்தத் திறமை இருப்பது கண்ணுக்குத் தெரிகிறது. கட்டணம் கூட்டி வாங்கிக்கொண்டாவது அவர்கள் இதைச் செய்ய வேண்டும் என்று அவர்களிடமே சொல்லிவிட்டு வந்தேன்.

வேறு குறைகளும் உண்டு. முதல் வரைவில் ஓரிடத்தில் முன்பணம் என்றும் இன்னோரிடத்தில் வைப்புத்தொகை என்றும் அட்வான்ஸ் என்றும் மூன்று சொற்கள் கலந்து வந்திருந்தன. முன்பணம் என்றால் முன்கூட்டிக் கட்டிய வாடகை என்று நாளைக்கு ஒருவர் பொருள்கொள்ள இடமுண்டு. சுட்டிக்காட்டியதும் எல்லா இடத்திலும் வைப்புத்தொகை என்றே திருத்தினார்கள், ஆனால் அதை நான் கவனித்திருக்க வேண்டிய அவசியம் இருந்திருக்கக் கூடாது. வைப்புத்தொகைக்கு வட்டி பற்றி ஒப்பந்தத்தில் ஒன்றுமே இல்லை. சட்டத்தின் அந்தப் பிரிவிலும் வட்டி பற்றிய பேச்சில்லை. குறித்த ஒரு மாதத்துக்குள் தராவிட்டால் அதற்குப் பிறகாவது வட்டி ஓடும் என்று ஒரு வரி சேர்க்கலாமே என்று கேட்டேன். அந்த அம்மா முகம் சுருங்கியதைப் பார்த்து நானே விட்டுவிட்டேன். பெரியவர் அந்த வரியைத் தம் வழக்கமான வரைவிலேயே வைத்திருந்தால், கேட்கும் சங்கடம் வாடகைதாரர் தலையில் விழாது.

வீட்டு வாசலுக்கே ஒப்பந்தம் கொண்டுவரும் இணையச் சேவை ஒன்றையும் இதற்கு முன் என் தங்கை வீட்டுக்காகப் பயன்படுத்திப் பார்த்திருக்கிறேன். வேகம் நன்றாக இருந்தது, அச்சு அழகாக இருந்தது, ஒப்பந்தம் முழுக்க ஆங்கிலத்தில் இருந்தது. அட்வான்ஸ் பத்தியில் வேறு மாநிலத்து வழக்கப்படி எழுதப்பட்ட வரிகள் அப்படியே கிடந்தன. மாற்றச் சொன்னால் மாற்றித் தருவார்கள். எதை மாற்றச் சொல்ல வேண்டும் என்று தெரிந்தவர்களுக்கு அது போதும். தெரியாதவர்களுக்கு எதிரே ஓர் ஆள் உட்கார்ந்து, வரியின் கீழ் அளவுகோலை வைத்துப் படித்துக் காட்ட வேண்டும்.

இந்தக் கடையில் ஒப்பந்தம் தமிழிலேயே எழுதப்படுகிறது. கையெழுத்துக்கு முன் மகள் முழுவதையும் உரக்கப் படிக்கிறார். எங்களுக்கு அது இருபத்தைந்து நிமிடம் பிடித்தது. இரண்டு மூலப்படிகள் அச்சிட்டு, இரண்டிலும் இருதரப்பும் சாட்சிகளும் கையெழுத்திட்ட பிறகு, ஆளுக்கொன்றாகக் கொடுக்கிறார்கள். முந்தைய வீட்டில் எனக்குக் கிடைத்தது ஒரு மங்கலான ஜெராக்ஸ் மட்டும்.

எழுத்துக் கூலி 900 ரூபாய், முத்திரைத்தாள் செலவு தனி. பக்கத்துக் கடைகளைவிட இது அதிகம்தான். காலை பத்து மணிக்குத் திறக்கிறார்கள், மதியம் சாப்பாட்டுக்கு ஒன்றரை மணி நேரம் மூடுகிறார்கள். சனிக்கிழமை கூட்டம் அதிகம் என்பதால் மற்ற நாட்களில் போவது நல்லது. இருதரப்பின் அடையாள அட்டை நகல், கடைசி மின்கட்டண ரசீது, வீட்டுவரி ரசீது, அட்வான்ஸ் செலுத்திய வங்கிப் பரிமாற்ற நகல் ஆகியவற்றைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். உரிமையாளரையும் அழைத்துக்கொண்டு போங்கள். தொலைபேசியில் ஒப்புதல் வாங்கிக்கொண்டு தனியாக வருபவர்களுக்கு அவர் எழுதித் தருவதில்லை.